பறந்துவிட்ட விமானம் ஏன் இன்னும் காத்திருக்கிறது?

2017 மே 22 அன்று, போயிங் 737 மேக்ஸ் என்ற புது ரக விமானம் உலகிலேயே முதல் தடவையாகக் கட்டணம் கட்டிய பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய இடம் செப்பாங்கில் இருக்கும் நம்முடைய கோலாலம்பூர் விமான நிலையம், கேஎல்ஐஏ. போன இடம் சிங்கப்பூர். மாலிண்டோ ஏர் நிறுவனத்தின் விமானம் அது. இன்று அந்த நிறுவனத்தின் பெயர் பாத்திக் ஏர். அதே ரகத்தின் முதல் விமானம் அமெரிக்காவில் சியாட்டல் பக்கத்து ரெண்டன் ஓடுபாதையிலிருந்து எழுந்தது 2016 ஜனவரி 29-இல். நடுவில் ஏறத்தாழ ஓராண்டு நான்கு மாதம்.

செப்பாங் பக்கம் கிராப் வாடகை வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் என்னிடம் இந்த இடைவெளியைப் பற்றித்தான் கேட்டார். அவர் கேட்டது போயிங் 777எக்ஸ் பற்றி. 2020 ஜனவரி 25-இல் முதல் தடவை பறந்த விமானம் அது. முதல் விமானத்தை 2027-இல்தான் ஒப்படைக்க முடியும் என்று 2025 அக்டோபரில் போயிங் அறிவித்தது. "அண்ணே, பறந்து காட்டிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? சீட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே?" என்றார். நல்ல கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் பறப்பதுதானே விமானத்தின் வேலை, அதைத்தான் செய்து காட்டிவிட்டதே என்று தோன்றும். அவருக்கு வண்டியில் வைத்து அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்குள் இரண்டு காத்திருப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு புது ரகம் முதல் தடவை பறந்த நாளுக்கும் அந்த ரகத்தில் முதல் விமானம் விமான நிறுவனத்தின் கைக்குப் போகும் நாளுக்கும் இடையே உள்ளது. இது ஆண்டுக் கணக்கு. இன்னொன்று, ஏற்கெனவே அனுமதி பெற்ற ரகத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ளது. எல்லாம் சரியாக இருந்தால் இது சில வாரங்களில் முடியும். வீட்டு உதாரணம் சொன்னால் எளிது. அடுக்குமாடி வீட்டின் வரைபடத்துக்கு அனுமதி வாங்குவது ஒரு வேலை. கட்டி முடித்த பின் உங்கள் வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுப்பது வேறு வேலை. விமானத்தில் முதல் வேலைக்கு வகைச் சான்றிதழ் என்று பெயர். இரண்டாவதற்கு, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக, பறக்கும் தகுதிச் சான்றிதழ்.

பெரிய காத்திருப்பிலிருந்து தொடங்கலாம்.

ஏர்பஸ் ஏ380 முதல் தடவை பறந்தது 2005 ஏப்ரல் 27-இல், பிரான்சின் தூலூஸ் நகரில். உள்ளே ஆறே பேர். ஆபத்து வந்தால் குதிக்க அவர்களுக்கு பாராசூட் கொடுத்திருந்தார்கள். இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் அளவுக் கருவிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் இருந்தன. பயணிகளின் எடைக்குப் பதில் அந்தத் தண்ணீர். அதை முன்னும் பின்னும் மாற்றி விமானத்தின் எடை மையத்தை நகர்த்திப் பார்ப்பார்கள். 3 மணி 54 நிமிடம் பறந்து இறங்கியது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நல்ல வானிலையில், அளவான வேகத்தில், கணினியில் போட்ட கணக்குப்படி விமானம் பறக்கிறது. மோசமான நாளில் அது என்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மீதி மாதங்கள்.

மோசமான நாளை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இறக்கையின் படபடப்புச் சோதனை. மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகும்போது சட்டைக் காலர் படபடவென்று அடிக்கும் அல்லவா? இறக்கையும் வளையக்கூடிய பொருள்தான். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் காற்றும் இறக்கையின் அதிர்வும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு, அதிர்வு தானாகவே வளர்ந்து, சில விநாடிகளில் இறக்கையை முறித்துவிடலாம். அப்படி நடக்காது என்று கணக்கு சொல்கிறது. சொன்னால் போதாது. சோதனை விமானி படிப்படியாக வேகத்தைக் கூட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் விமானத்தை ஓர் உலுக்கு உலுக்கி, அதிர்வு அடங்குகிறதா வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். தரையில் பொறியாளர்கள் அந்த அளவுகளை உடனுக்குடன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'சரி, அடுத்த படி' என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அடுத்த வேகம். நீங்களும் நானும் வாழ்நாளில் ஒருபோதும் உட்காராத வேகம் வரை அந்த விமானி போய்த் திரும்புகிறார்.

பிரேக் சோதனை இன்னொன்று. விமானத்தை அதன் உச்ச எடைக்கு ஏற்றுகிறார்கள். புது பிரேக் கிடையாது, மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்த பிரேக். மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, புறப்பாட்டை நிறுத்துவது போல ஒரே அமுக்கு. பிரேக் தட்டுகள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறி அடுப்புக் கரி போலச் சிவந்துவிடும். டயர் வெடித்துச் சிதறாமல் இருக்க, சக்கரத்தில் உள்ள சிறு அடைப்பான்கள் சூட்டில் உருகிக் காற்றை வெளியே விடும். தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்கும், ஆனால் ஐந்து நிமிடம் தொடக்கூடாது. நிஜத்தில் தீயணைப்பாளர்கள் வந்து சேர அந்த நேரம் ஆகலாம் என்பதால் இந்த விதி. அந்த ஐந்து நிமிடத்தில் தீ விமானத்துக்குப் பரவினால் சோதனை தோல்வி.

வெளியேற்றச் சோதனையில் விமானம் பறப்பதே இல்லை. ஆட்களை நிறைத்து, விளக்கை அணைத்து, பாதிக் கதவுகளை மட்டும் திறக்கவிட்டு, 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியே வர வேண்டும். எந்தக் கதவு திறக்கும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வந்தவர்கள் எல்லாரும் இளவட்டங்களாக இருந்தால் செல்லாது. பெண்கள் இத்தனை விழுக்காடு, 50 வயது தாண்டியவர்கள் இத்தனை விழுக்காடு என்று விதி இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பதிலாகப் பொம்மைகளையும் சிலர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். 2006 மார்ச்சில் ஹாம்பர்க் நகரில் ஏ380-இலிருந்து 873 பேர் 78 விநாடியில் இறங்கினார்கள். ஒருவருக்குக் கால் முறிந்தது. இந்தக் கணக்கை எழுதும்போதெல்லாம், பொங்கல் விடுமுறைக்குத் தாய்மாமன் வீட்டுக் கூட்டம் முழுதும் ஏறிய விமானத்தை நினைத்துக்கொள்வேன். அந்த 78 விநாடி அவர்களுக்காகவும்தான்.

அப்புறம் ஊர் ஊராக அலைய வேண்டும். ஏ350-ஐ 2014-இல் உறைபனிக்காகக் கனடாவின் இக்காலுவிட்டுக்கும், காற்று மெலிந்த உயரத்துக்காக 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் பொலிவியாவின் லா பாஸ் விமான நிலையத்துக்கும், வெக்கைக்காக அமீரகத்தின் அல் ஐனுக்கும் கொண்டு போனார்கள். இரவு முழுதும் குளிரில் நிறுத்தி வைத்துக் காலையில் எஞ்சின் உயிர் பெறுகிறதா என்று பார்ப்பதும் இதில் அடக்கம். ஓடுபாதையில் வாலை உரசவிட்டு எவ்வளவு குறைந்த வேகத்தில் விமானம் எழும் என்று அளப்பது, தண்ணீர் தேங்கிய பாதையில் ஓட்டுவது, ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு எழும்புவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இவ்வளவையும் வெறும் 'பரீட்சை' என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். பரீட்சையில் தேறுவதற்கு இவ்வளவு நாள் ஆவதில்லை. தவறியதைக் கண்டுபிடித்து, திருத்தி, திருத்தியதை மறுபடியும் சோதிப்பதற்குத்தான் நாள் ஆகிறது. என் நண்பருக்கு நான் சொல்ல நினைத்த விஷயம் இதுதான்.

ஏ380-இன் இறக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேவையில் வரக்கூடிய உச்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை மூன்று விநாடி தாங்க வேண்டும் என்பது விதி. 2006 பிப்ரவரியில், தரையில் கட்டி வைத்து வளைத்தபோது 1.45 மடங்கில் முறிந்தது. மற்ற சோதனை விமானங்கள் மேலே பறந்துகொண்டிருந்த நேரம் அது. குறை சிறியதுதான், ஆனாலும் குறை குறைதான். இறக்கையில் சுமார் 30 கிலோ பொருள் சேர்த்து வலுப்படுத்தினார்கள். போயிங் 787-இல் 2010 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் லாரெடோவில் இறங்கும் நேரத்தில், மின்சாரப் பெட்டியில் தீப்பிடித்தது. ஒரு மாதத்துக்கும் மேல் எல்லாச் சோதனைப் பறப்பும் நின்றது. பெட்டியையும் அதன் மென்பொருளையும் மாற்றிய பிறகுதான் தொடர்ந்தார்கள். 2009 டிசம்பர் 15-இல் முதல் தடவை பறந்த 787, ஜப்பானின் ஏஎன்ஏ நிறுவனத்தின் கைக்குப் போனது 2011 செப்டம்பரில். தீ லாரெடோவில் பிடித்தது. பயணிகளோடு பசிபிக் கடல் மேல் பிடிக்கவில்லை. காத்திருப்புக்குக் கிடைத்த பலன் அது.

இப்போது நான் முதலில் சொன்ன 737 மேக்ஸுக்குத் திரும்ப வேண்டும். கோலாலம்பூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

அந்த விமானமும் காத்திருந்தது, சோதிக்கப்பட்டது, 2017 மார்ச்சில் சான்றிதழ் வாங்கியது. எங்கே தவறியது? அதன் எஞ்சின்கள் பழைய 737-இன் எஞ்சின்களைவிடப் பெரியவை, இன்னும் முன்னால் தள்ளிப் பொருத்தப்பட்டவை. அதனால் மூக்கு அளவுக்கு மீறி மேலே போகும் சில நேரங்களில் அதைக் கீழே அழுத்த எம்கேஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் அதற்கு இருந்த அதிகாரம் சிறியது: வாலில் கிடையாக இருக்கும் சிறு இறக்கையை ஒரு தடவைக்கு 0.6 டிகிரி வரை நகர்த்தலாம். முதல் பறப்புக்குப் பிறகு, 2016-இல் நடந்த சோதனைகளில், குறைந்த வேகத்திலும் விமானத்துக்கு அந்த உதவி தேவை என்று தெரிந்தது. அதிகாரத்தை 2.5 டிகிரியாக உயர்த்தினார்கள். மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு சென்சார் சொல்வதை வைத்து அது இயங்கியது. அதாவது காத்திருப்புக் காலத்தில் ஒரு குறையைக் கண்டார்கள், திருத்தினார்கள். ஆனால் திருத்திய பிறகு அந்த மென்பொருள் வேறொரு பொருளாகவே மாறிவிட்டிருந்தது. அந்த மாற்றத்தின் முழு ஆபத்தும் மறுபடி உரிய முறையில் எடைபோடப்படவில்லை என்று பின்னர் நடந்த விசாரணைகள் காட்டின. விமானிகளின் கையேட்டில்கூட அதைப் பற்றிச் சொல்லவில்லை.

2018 அக்டோபர் 29-இல் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்தது. 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியாவில் இன்னொன்று. இரண்டும் மேக்ஸ் விமானங்கள். ஒரு சென்சார் தவறாகச் சொன்னதை நம்பி அந்த மென்பொருள் இரண்டிலும் மூக்கைக் கீழே அழுத்தியது. இரண்டிலும் சேர்த்து 346 பேர் இறந்தார்கள். ஜகார்த்தா நமக்கு இரண்டு மணி நேரப் பயணம். அந்தக் காலைச் செய்தியைக் கேட்டபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. உலகம் முழுதும் மேக்ஸ் விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. அமெரிக்கா மறுபடி அனுமதி கொடுத்தது 2020 நவம்பரில். இப்போது அந்த மென்பொருள் இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் இயங்குகிறது. ஆகவே, காத்திருப்பு எத்தனை மாதம் என்ற கணக்கை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. திருத்திய இடத்தில் மறுபடி யார் பார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

என் நண்பர் கேட்ட 777எக்ஸ் இவ்வளவு நாள் எடுப்பதற்கு ஒரு பெரிய காரணமும் இங்கேதான் இருக்கிறது. மேக்ஸுக்குப் பிறகு அமெரிக்க விமானத் துறை ஆணையம் ஒவ்வொரு கட்டத்தையும் தானே நெருங்கிப் பார்க்கிறது. 2024 ஆகஸ்டில், எஞ்சினின் உந்துவிசையை இறக்கைக்குக் கடத்தும் தண்டில் உடைப்பு இருப்பதைச் சோதனை விமானம் ஒன்றில் கண்டார்கள். மற்ற சோதனை விமானங்களிலும் விரிசல் இருந்தது. பறப்பு நின்றது, அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் தொடர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உட்பட அதை வாங்கக் காத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது பெரிய இழப்பு. இருந்தாலும், பயணி என்ற இடத்தில் நின்று பார்க்கும்போது, அந்த விரிசல் இப்போதே தெரிந்ததில் எனக்கு நிம்மதி.

சரி, ரகத்துக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அப்படியென்றால் மறுநாளே விமானம் வந்துவிடுமா? ஏ380-க்கு 2006 டிசம்பர் 12-இல் சான்றிதழ் வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் விமானத்தைப் பெற்றது 2007 அக்டோபர் 15-இல். நடுவில் பத்து மாதம் எங்கே போயிற்று? கம்பியில். ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீட்டருக்குக் குறையாத மின்கம்பி. ஜெர்மனியில் ஒரு குழுவும் பிரான்சில் ஒரு குழுவும் வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வரைந்ததால், பொருத்தும்போது கம்பிகள் நீளம் போதாமல் போயின. வடிவமைப்பில் பிழையில்லாத விமானத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டும்போது இப்படிச் சிக்கல் வரும்.

இதுதான் இரண்டாவது காத்திருப்பு. இதைப் புரியவைக்க என் மாமனாரைத்தான் கூப்பிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பூச்சோங் பக்கம் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது. கட்டடம் விதிப்படி முடிந்தது என்று சொல்லும் சிசிசி சான்றிதழ் எல்லாம் இருந்தது, சாவியும் கையில். எனக்கு அன்றே சாமி படத்தை மாட்டிப் பால் காய்ச்ச ஆசை. மாமனார் ஒரு இருபது சென் காசையும் மாஸ்கிங் டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தார். தரை ஓட்டை ஒவ்வொன்றாகக் காசால் தட்டினார். உள்ளே வெற்றாக ஒலித்த இடத்திலெல்லாம் டேப் ஒட்டினார். ஒவ்வொரு பிளக்கிலும் கைப்பேசிச் சார்ஜரைச் சொருகிப் பார்த்தார். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் படுக்கையறை வாசலுக்கு வந்தது. மேம்பாட்டு நிறுவனம் சரிசெய்து தர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

விமான நிறுவனம் அனுப்பும் ஆய்வாளர்கள் தொழிற்சாலையில் செய்வது கிட்டத்தட்ட இதையேதான், டேப் உட்பட. அதற்கு முன்பே தயாரிப்பாளர் தன் பங்கை முடித்திருப்பார்: எரிபொருள் தொட்டி ஒழுகுகிறதா, உள்ளே காற்றழுத்தம் நிற்கிறதா, சக்கரங்கள் ஒழுங்காக மடங்குகின்றனவா என்று தரையில் பார்த்து, பிறகு இந்தக் குறிப்பிட்ட விமானத்தின் முதல் பறப்பு. மேலே போய் எஞ்சின்களை ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி உயிர்ப்பிப்பார்கள். எச்சரிக்கைகள் ஒலிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இறங்கியதும் குறைப்பட்டியல், திருத்தம். அதன் பிறகு வாங்குபவரின் ஆட்கள் சில நாள் தங்கி, உடலில் கீறல் இருக்கிறதா என்பதிலிருந்து கழிவறைத் தாழ்ப்பாள் வரை பார்த்து, தங்கள் விமானியையும் ஏற்றி ஒரு தடவை பறந்து, இன்னொரு பட்டியல் கொடுப்பார்கள். அந்தப் பட்டியல் முடிந்தால்தான் கையெழுத்து.

காகிதங்களையும் அப்படியே பார்க்கிறார்கள். கெடாவின் புக்கிட் காயு ஹீத்தாமில் போயிங் விமானங்களுக்குக் கார்பன் இழையில் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. இப்படிச் செய்யப்படும் ஒவ்வொரு உறுப்புக்கும் எந்தப் பொருளிலிருந்து வந்தது, யார் சரிபார்த்தார் என்ற வரலாறு கூடவே போகும். அந்த வரலாறு இல்லாத உறுப்பு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் விமானத்தில் ஏறாது.

ஒரு மயிரிழை இடைவெளிக்காக விமானங்கள் நின்றதும் உண்டு, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 787-இன் உடல் பகுதிகளை இணைக்கும் இடத்தில் அனுமதித்த இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. சில இடங்களில் அதைவிடக் கூடுதலாக இருந்தது 2020-இல் வெளியே வந்தது. 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை ஒப்படைப்பு நின்றே போனது. கட்டி முடித்த விமானங்கள் நூறுக்கு மேல் தொழிற்சாலை வளாகங்களில் வரிசையாக நின்றன.

இருக்கைகளும் காத்திருக்க வைக்கும். என் நண்பர் "சீட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதானே" என்றார் அல்லவா? இருக்கை, சமையல் மேடை, திரைகள் போன்றவற்றைப் பெரும்பாலும் விமான நிறுவனமே வேறு ஆட்களிடம் வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும். அந்த இருக்கையும் தீயைத் தாங்குகிறதா, மோதலின் வேகத்தில் தலை எதில் இடிக்கிறது என்றெல்லாம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். எல்லாம் முடிந்த விமானம் முதல் வகுப்பு இருக்கைக்காக நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

கடைசியில் பணம். விலையின் பெரும்பகுதி ஒப்படைக்கும் நாளில்தான் கைமாறும். பல நேரம் விமானத்தின் சொந்தக்காரர் குத்தகை நிறுவனமோ வங்கியோதான். மூன்று நான்கு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் தொலைபேசியில் ஒன்றுசேர்ந்து, பணம் வந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் உரிமை மாறுகிறது.

தூலூசில் கட்டும் விமானங்கள் சோதனைக் காலத்தில் பிரான்சின் தற்காலிகப் பதிவெண்ணோடு பறக்கும். மலேசியாவுக்கு வரப்போகும் விமானத்தில் 9எம் என்று தொடங்கும் நம் பதிவெண்ணைப் பெயிண்ட் அடிக்கும்போதே எழுதி, அதன் மேல் அந்தத் தற்காலிக எண்ணை ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். உரிமை மாறியதும் ஸ்டிக்கரை உரிப்பார்கள். நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவுச் சான்றிதழும் பறக்கும் தகுதிச் சான்றிதழும் உள்ளே ஏறும். பயணிகள் யாரும் இல்லாமல் விமானம் செப்பாங்குக்குக் கிளம்பும்.

இங்கே வந்த பிறகும் உடனே பயணம் தொடங்குவதில்லை. புது ரகம் என்றால் விமானிகள் சிமுலேட்டரில் பயிற்சி முடித்திருக்க வேண்டும், பணிப்பெண்களும் பணியாளர்களும் கதவு திறந்து பழக வேண்டும், பராமரிப்பாளர்களுக்கு அந்த ரகத்தில் கையெழுத்துப் போடும் உரிமம் வேண்டும், உதிரிப் பாகங்கள் கிடங்கில் இருக்க வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸின் முதல் ஏ330நியோ 2024 நவம்பர் இறுதியில் ஒப்படைக்கப்பட்டது. அந்த ரகம் உலகில் முதல் தடவை பறந்து அப்போது ஏழு ஆண்டு முடிந்திருந்தது. டிசம்பரில் மெல்பர்னுக்கு அதன் முதல் பயணிகள் ஏறினார்கள்.